நூறு கோடி டாலருக்கு ஓர் அங்குலம்

12 ஜனவரி 2002, சனி

காலையில் நல்ல பனி. பால் வாங்கி வருவதற்குள் காது விறைத்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு லீவ் சொல்லியாயிற்று. இன்று டைல்ஸ் வேலை.

ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் மட்டும்தான். கிச்சனும் பாத்ரூமும் பழைய சிவப்புத் தரையாகவே இருக்கும். ஹவுஸ் ஓனர் அம்மா வாசலில் நின்றபடி, கன்னடம் கலந்த தமிழில்: "பழசை ஒடைக்க வேணாம்மா, வீடே ஆடிப்போகும். மேலயே போட்டுக்கலாம். டோர் அடியில மட்டும் ஸ்வல்ப இழைச்சுட்டா சரியாப்போச்சு." செலவு குறைகிறது என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார். போகட்டும், டைல்ஸ் வந்தால் போதும்.

மேஸ்திரி சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தபோது ஜெ. சுவரோரம் குப்புறப் படுத்துவிட்டார். மயக்கம் என்று நினைத்து ஓர் ஆள் தண்ணீர் கொண்டுவந்தான். மயக்கமெல்லாம் இல்லை. 1991-ஐக் கடைசியாக ஒரு தடவை பார்க்கிறாராம்.

வயதான பிறகு நானே படித்துக் குழம்பாமலிருக்க எழுதி வைக்கிறேன். ஜெ. என்றால் ஜெயசீலன், என் கணவர், பி.யூ. காலேஜில் எகனாமிக்ஸ் லெக்சரர். கல்யாணமாகி ரிச்சர்ட்ஸ் டவுனில் இந்த வீட்டுக்கு வந்தது 1991 ஜூலை. நாட்டில் டாலர் தீர்ந்துபோய், தங்கத்தை விமானத்தில் ஏற்றி அடகுக்கு அனுப்பிய நேரம். நான் புதுப்பெண், பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். புது மாப்பிள்ளை நீலப் பென்சிலும் ஸ்கேலுமாகத் தரையில் படுத்திருந்தார். நாட்டின் கையில் மிச்சமிருக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கு ஹால் சுவரில் ஒரு கோடு போடுகிறார். நூறு கோடி டாலருக்கு ஓர் அங்குலம். அன்றைக்குக் கோடு தரையிலிருந்து ஓர் அங்குலமும் கொஞ்சமும். பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில்தான் இடிக்கும். இவ்வளவு பெரிய அளவுகோல் எதற்கு என்று கேட்டேன். "முழங்கால் வரைக்கும் வந்துட்டாலே பெரிய விஷயம் எமி" என்றார். இப்போது என் நெஞ்சு வரை வந்துவிட்டது.

எங்கள் பெண் பெனி பிறந்ததும் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு வரிசை. நாடு நீலம், பெனி சிவப்பு. நாட்டுக்கு மாதக் கடைசி சனிக்கிழமை, பெனிக்குப் பிறந்தநாள். இதுவரை எப்போதும் சிவப்புதான் மேலே.

சாயங்காலம் 1991 சிமெண்டுக்கு அடியில் போயிற்று. ஜெ. டைல்ஸுக்கு மேலே பொடி எழுத்தில் "இதற்குக் கீழே 1991" என்று எழுதி வைத்தார். தரை உயர்ந்தால் கணக்கு என்னவாகும் என்று கேட்டேன். "கடைசிக் கோட்டுலேர்ந்து மேல அளந்துக்குவேன். நாட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார் மனுஷன்.

13 ஜனவரி, ஞாயிறு

டைல்ஸ் அழகு. முகம் தெரிகிறது. ஹாலிலிருந்து பாத்ரூமுக்கு இப்போது ஒரு சின்னப் படி இறக்கம். ஜெ. மூன்று தடவை தடுக்கினார். நான் இரண்டு. பெனி ஒரு தடவைகூட இல்லை.

30 மார்ச், சனி

நாளை ஈஸ்டர். செய்ய வேண்டியவை: முட்டைக்குச் சாயம். பெனி கவுனுக்கு லேஸ். மட்டன் சொல்லி வைக்க. ஜெ. வெள்ளைச் சட்டை காலர் (திருப்பித் தைத்தாலும் தேறாது).

காலை பேப்பர் வந்ததும் ஜெ. ஸ்கேலை எடுத்தார். நீலக்கோடு பெனியின் போன வருஷத்துச் சிவப்பைத் தாண்டிவிட்டது. பெனிக்கு முகமே சரியில்லை.

"டாடி, இது அன்ஃபேர். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, அது மாசா மாசமா?"

"உனக்கும் மே மாசம் கோடு இருக்கேடா."

"அது எதைத் தின்னு இப்படி வளருது?"

அவ்வளவுதான், லெக்சர் ஆரம்பம். வெளிநாட்டில் சாமான் விற்கிறவர்களும், எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களும், துபாயிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்களும் டாலரைக் கொண்டுவருகிறார்கள். டாலர் குவிந்தால் ரூபாய் ஏறும், ஏறினால் ஏற்றுமதிக்காரர்கள் அழுவார்கள், அதனால் மத்திய வங்கி டாலரை வாங்கிப் பெட்டியில் போடுகிறது. 98-ல் ஒரு கோடு துள்ளி நிற்கிறதே, அது வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் பத்திரம் விற்றுத் திரட்டியது. அதாவது கடன், சம்பாதித்தது இல்லை. கோடு எவ்வளவு ஏறியது என்பதைவிட எதனால் ஏறியது என்பதுதான் முக்கியமாம். பெனி பாதியிலேயே சோபாவில் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை. பதினொரு வருஷமாகக் கேட்டும் எனக்குச் சலிக்கவில்லை என்பதை அவரிடம் சொல்ல மாட்டேன்.

18 மே, சனி

பெனிக்குப் பத்து வயது. மத்தியானம் முழுக்க மழை, கரண்ட் போய் வந்து போய் வந்து. கேக் ஐசிங் உருகிவிட்டது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சாந்தா வந்திருந்தாள், பெனிக்கு ஸ்கெட்ச் பென் செட்.

அளந்தோம். செருப்பைக் கழற்றி, குதிகாலைச் சுவரோடு ஒட்டி, தலையில் டிக்‌ஷனரியை வைத்து. போன வருஷத்தைவிட முழுசாக இரண்டு அங்குலம். ஜெ. சிவப்புக்கோட்டை இரண்டு தடவை அழுத்தி வரைந்தார். நாடு இன்னும் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது, ஆனாலும் பெனிக்குச் சந்தோஷம். "அடுத்த வருஷம் பாரு" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

விருந்தாளிகள் போகுமுன்பே தூங்கிப் போனாள். மே மாதத்தில் ஸ்வெட்டர் கேட்கிறாள். மழையில் நனைந்திருப்பாள்.

3 ஜூன், திங்கள்

ஸ்கூல் திறந்தாயிற்று. போன வருஷத்து யூனிஃபார்மைக் கீழே பிரித்து விடலாமென்று டெய்லரிடம் எடுத்துப்போனேன். போட்டுப் பார்த்தால் தேவையே இல்லை, அப்படியே பொருந்துகிறது. போன வருஷம் நான்தான் பெரிதாகத் தைக்கச் சொல்லியிருக்க வேண்டும். தையல் கூலி மிச்சம். அந்தக் காசில் அவளுக்குப் புது ஷூ.

22 ஜூன், சனி

ஸ்கூலில் பேரண்ட்ஸ் மீட்டிங். ஜெ.வுக்கு வேல்யுவேஷன் வேலை, நான் மட்டும் போனேன்.

கிளாஸ் டீச்சர் சின்னப் பெண், புதுசு. "அசெம்ப்ளில ஹைட் ஆர்டர்ல நிக்க வெப்போம் மேடம். போன வருஷம் பெனிட்டா நடுவுல நின்னாளாம். இப்போ முன்னாடி வந்துட்டா. கிளாஸ்லயும் ஒரே தூக்கம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் பெண் ஒரே வருஷத்தில் இரண்டு அங்குலம் வளர்ந்திருக்கிறாள், சுவரில் கோடு இருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றேன். அந்தப் பெண் பயந்து "சாரி மேடம்" என்றாள். மற்ற பிள்ளைகள் மரம் மாதிரி வளர்ந்தால் அதற்கு என் பிள்ளை என்ன செய்வாள்?

வீட்டுக்கு வந்து ஜெ.விடம் சொன்னேன். "நல்லா கேட்ட" என்றார். இரண்டு பேருமாகச் சுவரைப் பார்த்துத் திருப்தி அடைந்தோம்.

20 ஜூலை, சனி

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலையில் ஜெ. பேப்பரோடு சண்டை. நாட்டின் கையிருப்பு அபார வளர்ச்சி என்று யாரோ புகழ்ந்து எழுதியிருக்கிறான். நான் ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல் கிச்சன் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"வளர்ச்சியாம் எமி. பொட்டிக்குள்ள டாலர் மட்டுமா இருக்கு? யூரோ இருக்கு, பவுண்டு இருக்கு, யென் இருக்கு. எல்லாத்தையும் டாலர்லதான் எண்ணிச் சொல்றான். ரெண்டு மூணு மாசமா யூரோ ஏறிக்கினே போகுது, டாலருக்குச் சமமா வந்துடுச்சு. அதனால மொத்தக் கணக்கு ஏறுது. புதுசா வாங்கிப் போட்டது எவ்வளவு, மதிப்பு மாறினதால ஏறினது எவ்வளவு, ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல வேணாமா? முக்காலி மேல நின்னு அளந்துட்டு வளர்ந்துட்டேன்னு சொன்னா நீ ஒத்துக்குவியா?"

ஹாலில் பெனி சுவரில் சாய்ந்து நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் காலைப் பார்த்தேன். காலுக்குக் கீழே டைல்ஸ்.

ஆப்பத்தை அப்படியே விட்டு அடுப்பை அணைத்தேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டு பாத்ரூம் வாசலில் உட்கார்ந்தேன். கீழே பழைய சிவப்புத் தரை, மேலே புதுத் தரை. அந்தப் படியை அளந்தேன். ஒன்றரை அங்குலம். ஜெ. பின்னாலேயே வந்து "என்ன தேடற?" என்றார்.

"போன வருஷம் அவ பழைய தரையில நின்னா. இந்த மே மாசம் இதும்மேல நின்னா. ரெண்டுல ஒண்ணரை போனா எவ்ளோங்க?"

ஜெ. பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். தரையோரம் அவரே எழுதின "இதற்குக் கீழே 1991" மேல் கண் போயிற்று. நாட்டுக்கு மட்டும் ஜாக்கிரதையாகக் கணக்குப் போட்ட மனுஷன். ஒரு வருஷத்தில் என் பிள்ளை அரை அங்குலம்தான் வளர்ந்திருக்கிறாள்.

தூக்கம், ஸ்வெட்டர், பிரிக்காத யூனிஃபார்ம், அசெம்ப்ளி வரிசை. எல்லாம் கண்ணெதிரே இருந்தது. அந்த டீச்சர் பெண்ணிடம் எப்படிப் பேசிவிட்டேன்.

21 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் ஒரு வார்த்தை காதில் விழவில்லை. ஜெ. பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். திருப்பிக் கொடுத்தேன். அவர்மேல் கோபப்படலாமென்று நேற்றிலிருந்து முயற்சி செய்கிறேன், வரவில்லை. கோடு போட்டது அவர், பக்கத்தில் நின்று கை தட்டியது நான்.

25 ஜூலை, வியாழன்

ஃப்ரேசர் டவுனில் பிள்ளைகள் டாக்டர். நடுவயது அம்மா, நிதானம். பெனியின் நாக்கு, தோல், முழங்கை எல்லாம் பார்த்தார். "வெயில் நேரத்துலயும் குளிருதாம்மா? டாய்லெட் ஒழுங்கா போறியா?" என்று கேட்டார். பெனி வெட்கப்பட்டாள். ரத்தம் எடுத்தார்கள். இடது கைக்கு எக்ஸ்ரே.

வருஷ வாரியாக உயரம் கேட்டார். ஜெ. சுவரிலிருந்து எழுதி எடுத்துவந்த தாளைக் கொடுத்தார். டாக்டர் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு "இங்கே நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஜெ. டைல்ஸ் கதையைச் சொன்னார். காலேஜில் நூறு பையன்கள் முன்னால் கணீரென்று பேசுகிறவர், குரல் உள்ளே போய்விட்டது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

30 ஜூலை, செவ்வாய்

ரிப்போர்ட் வந்துவிட்டது. தைராய்டு. வேலையே செய்யவில்லையாம், ரொம்ப நாளாக.

"எலும்பு வயசு ஏழரைதான் காட்டுது" என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதீங்க, நல்லதுக்குத்தான் சொல்றேன். எலும்பு இன்னும் சின்னதா இருக்கிறதால வளர எடம் பாக்கி இருக்கு. மாத்திரை டெய்லி போடணும். காலைல வெறும் வயித்துல. நிறுத்தக் கூடாது."

"இன்னும் ரெண்டு வருஷம் கவனிக்காம விட்டிருந்தா டாக்டர்?"

"விடலையே. வந்துட்டீங்களே."

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி விட்டதைப் பிடித்து வளர மாட்டார்கள், போனதில் எவ்வளவு திரும்பும் என்று இப்போதே சொல்ல முடியாது, ஆறு மாதம் பொறுங்கள் என்றும் சொன்னார். ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்தோம். பெனி நடுவில். "நான் குள்ளமாவே இருப்பேனா டாடி?" என்று கேட்டாள். ஜெ. வெளியே பார்த்துக்கொண்டு, "தெரியலடா. வளரணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு" என்றார். பொய் சொல்லாத மனுஷனைக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெ. தினமும் காலையில் பெனியை அளக்கிறார். நேற்றிலிருந்து இன்றைக்கு என்ன ஏறும்? பெனி மூச்சைப் பிடித்துக் கழுத்தை நீட்டி நிற்கிறாள், ஏறவில்லை என்றதும் பள்ளிக்கூடத்துக்கே அழுதுகொண்டு போகிறாள். ஸ்கேலைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"கிறிஸ்மஸ் வரைக்கும் இந்த வீட்ல யாரும் யாரையும் அளக்கக் கூடாது."

"நாட்டை?" என்றார்.

"உங்க இஷ்டம்."

31 ஆகஸ்ட், சனி

ஜூலையில் நீலக்கோடு இல்லை. இன்றும் ஜெ. பேப்பரின் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. பதினொரு வருஷத்தில் ஒரு மாதமும் விட்டவர் இல்லை. பெனி பிறந்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து கோடு போட்டுவிட்டுப் போனார், அதற்கு நான் மூன்று நாள் பேசவில்லை. இன்று அந்தச் சுவரைப் பார்க்கிற நாற்காலியில்கூட உட்காரவில்லை.

மத்தியானம் பெனி முக்காலியை இழுத்துவந்து போட்டாள். "டாடி, ஜூலை, ஆகஸ்ட் ரெண்டும் பாக்கி. நம்பர் சொல்லுங்க."

"வேணாம்டா."

"அது என்ன பண்ணுச்சு பாவம்? அது மேல ஏன் கோவம்?"

ஜெ. எழுந்துபோய் பாத்ரூமில் முகம் கழுவிவிட்டு வந்தார். பேப்பரை எடுத்தார். நானே பீரோவைத் திறந்து ஸ்கேலைக் கொடுத்தேன், நாட்டுக்கு மட்டும் என்று சொல்லி. இரண்டு கோட்டையும் பெனிதான் வரைந்தாள். கோணலாக இருக்கிறது. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது, காபி டம்ளரோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

14 செப்டம்பர், சனி

டீச்சர் பெண்ணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஒரே சங்கடம். "பரவால்ல மேடம், பர்வாகில்லா" என்று இரண்டு பாஷையிலும் சொன்னாள். பெனி கிளாஸில் தூங்குவதில்லையாம். பேச்சுதான் அதிகமாகிவிட்டதாம். அதற்கும் மன்னிப்புக் கேட்டேன்.

உயரம்? தெரியவில்லை. வாசல்படியில் நிற்கும்போது கண்ணாலேயே அளக்கிறேன். சில நாள் வளர்ந்த மாதிரி இருக்கிறது. சில நாள் இல்லை. சட்டம் போட்டது நான், அதனால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

26 அக்டோபர், சனி

காவிரித் தகராறில் கேபிளில் தமிழ் சேனல் வருவதில்லை. வீடு அமைதி. ஜெ.வுக்குப் படிப்பு, பெனிக்கு ஸ்கெட்ச் பென், எனக்கு உருளைக்கிழங்கு உரிப்பு.

நீலக்கோடு என் நெற்றிக்கு வந்துவிட்டது. ஜெ. என்னைச் சுவரோரம் நிறுத்தித் தரையின் ஒன்றரை அங்குலத்தையும் கணக்கில் சேர்த்துச் சொன்னார், இப்போதெல்லாம் அதை மறப்பதே இல்லை. "அடுத்த மாசம் உன்னைத் தாண்டிடும் எமி."

"தாண்டட்டும். அரிசி பருப்பு விலையை அது வந்து குறைக்குமா?"

"குறைக்காது. ஆனா 91 மாதிரி யார் கிட்டயும் போய் நிக்க வேணாம். ஒரு கெட்ட வருஷம் வந்தா தாங்கும். அதுக்குத்தான் சேர்க்கிறது."

இதைச் சொல்லும்போது அவர் பார்த்தது சுவரை அல்ல, பெனியை. கெட்ட வருஷம் எங்களுக்கு வந்துவிட்டது. தாங்குகிறோமா என்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உருளைக்கிழங்கில் பாதியை உரிக்கக் கொடுத்தேன், தோலோடு பாதிக் கிழங்கையும் சீவிவிட்டார்.

18 நவம்பர், திங்கள்

காலையில் மேகமூட்டம். மாத்திரை கொடுத்தாயிற்று. டிபன் எலுமிச்சை சாதம். ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார், பெனி மட்டும் டைல்ஸ் மேல் உட்கார்ந்து ஒரு ஷூவோடு மல்லாடிக்கொண்டிருக்கிறாள்.

"சும்னே உக்காந்திருக்காதடி, நேரமாச்சு."

"போகமாட்டேங்குது மம்மி. கடிக்குது."

ஜூன் மாதம்தான் வாங்கினது. கட்டைவிரலுக்கு முன்னால் இடம் விட்டு வாங்கியிருந்தேன். குனிந்து ஷூ முனையை அழுத்திப் பார்த்தேன். இடமே இல்லை. விரல் முட்டிக்கொண்டு மடங்கியிருக்கிறது. இன்னொரு காலையும் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். அவள் சாக்ஸைக் கழற்றி, பாதத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சு மம்மி? நான் ஒண்ணும் பண்ணல."

ஜெ. பாதி ஷேவிங் நுரையோடு ஓடிவந்தார். ஷூவை வாங்கிப் பார்த்தார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அவள் பாதத்தைப் பார்த்தார். குனிந்து அவளைக் கட்டிக்கொண்டார். நுரை பெனி தலையில் ஒட்டியது, அவள் கத்தினாள்.

செருப்புப் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன். ஃபைன் போடுவார்கள், போடட்டும்.